அத்தியாயம் 4: முட்டை வெயிலில் வேகாமல் ஆள்காட்டியைக் கவனிப்பது எப்படி?

கோலார் தங்கவயலில் பறவைகளின் நடத்தையை ஆராய விரும்புகிறவர் முதல் ஆய்வுக்காகக் காடு தேடிப் போக வேண்டியதில்லை. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. அன்றிலிருந்து உரிகம், சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம் பக்கங்களில் பொட்டல் நிலம் பொட்டலாகவே கிடக்கிறது. சீமைக்கருவேலம் பிடித்த இடம் போக மீதி எல்லாம் கூழாங்கல்லும் காய்ந்த புல்லும்தான். வெளிமான்கள் மேய்கிற அதே திறந்தவெளியில்தான் சிவப்பு மூக்கு ஆள்காட்டி தரையில் முட்டையிடுகிறது. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை அதற்கு இனப்பெருக்கக் காலம். கூடு என்று சொல்ல எதுவும் இருக்காது. தரையில் ஒரு சிறு குழி, சுற்றிக் கொஞ்சம் கல், நடுவில் பெரும்பாலும் நான்கு முட்டைகள். இரண்டடி தூரத்தில் நின்றாலும் கல்லுக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரியாது.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதைவிட நல்ல பறவை கிடையாது. ஊரெங்கும் இருக்கிறது, உருவம் பெரிது, திறந்தவெளியில் நடமாடுகிறது, எது செய்தாலும் தூரத்திலிருந்தே தெரிகிறது. ஆனால் மிக எளிதாகக் கெடுத்துவிடக்கூடிய பறவையும் இதுவே. அடைகாக்கும் காலம் சுமார் 28 முதல் 30 நாள். தங்கவயலின் ஏப்ரல், மே நண்பகலில் அந்த முட்டைகளுக்குச் சூட்டைவிட நிழல்தான் அதிகம் தேவை. தாயோ தந்தையோ முட்டையின் மேல் நின்று உடம்பால் குடை பிடிக்கிறது. பார்க்கப் போனவர் அந்தக் குடையை விரட்டிவிட்டால், வெறும் தரையின் சூட்டில் உள்ளே இருக்கும் கரு வெந்துபோகும்.

அறம் பேசுவது ஒரு புறம் இருக்கட்டும். கணக்கும் இதில் அடங்கியிருக்கிறது. பறவை ஆளைப் பார்த்துவிட்டால் அதற்குப் பிறகு அது செய்வதெல்லாம் ஆளுக்கான பதில். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து 'ஆள்காட்டி ஓயாமல் கத்துகிறது' என்று எழுதி வந்தவர், தன்னைப் பற்றித்தான் இரண்டு மணி நேரம் குறிப்பெடுத்திருக்கிறார். பறவைக்குத் தொந்தரவு தராத முறைதான் சரியான எண்ணையும் தரும். இந்த அத்தியாயத்தின் படிகள் எல்லாம் அந்த ஒரு காரணத்துக்காக அமைந்தவை.

சட்டம் எதைத் தொட விடாது

வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972 'வேட்டை' என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தைப் பலர் படித்ததில்லை. சுடுவதும் பொறி வைப்பதும் மட்டும் அதில் இல்லை. பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அதில் அடக்கம். பறவையைப் பிடிக்க, வளையமிட, ரத்தம் எடுக்க, முட்டையை அளக்க வேண்டுமானால் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி வேண்டும். தனிநபருக்கு அது எளிதில் கிடைக்காது. ஆய்வு நிறுவனம் அல்லது பல்கலைக்கழகம் வழியாகத்தான் போக வேண்டும். பொது இடத்தில் தள்ளி நின்று கண்ணால் பார்த்து எழுதுவதற்கு அனுமதி தேவையில்லை. இந்த அத்தியாயம் முழுக்க அந்த எல்லைக்குள்தான் நிற்கிறது.

நிலம் வேறு விஷயம். சுரங்க நிறுவனத்தின் நிலம் ஒன்றிய அரசின் சொத்து. காவலாளி இருக்கும் இடம், வேலி போட்ட இடம், சயனைடு மண்மேடுகள் இருக்கும் வளாகம் ஆகியவற்றுக்குள் எழுத்தில் அனுமதி இல்லாமல் போகக் கூடாது. பொதுப்பாதை ஓரம், ஏரிக்கரை, தெரிந்தவரின் மானாவாரி நிலம் ஆகியவை முதல் ஆய்வுக்குத் தாராளமாகப் போதும். பாலாற்றைத் தேக்கித் தங்கவயலுக்குத் தண்ணீர் கொடுத்த பேத்தமங்கலா ஏரியின் கரையும் நல்ல இடம்.

கேள்வியைச் சிறிதாக்குங்கள்

'ஆள்காட்டியின் வாழ்க்கை முறை' என்பது கேள்வி அல்ல, புத்தகத் தலைப்பு. ஒரு பருவத்தில் ஒருவர் எண்ணி முடிக்கக்கூடியதே கேள்வி. சில மாதிரிகள்:

- காலை 7 மணிக்கும் நண்பகல் 12 மணிக்கும், முட்டை மேல் *உட்காரும்* நேரமும் *நிற்கும்* நேரமும் எப்படி மாறுகின்றன?
- ஜோடியில் ஒன்று எழுந்து மற்றது அமரும் மாற்றம் எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை நடக்கிறது?
- நாய், ஆடு, காகம், மனிதர் என நான்கில் எதற்கு எவ்வளவு தூரத்தில் குரல் எழும்புகிறது? (ஆடும் நாயும் தானாக வர வேண்டும். நீங்கள் அனுப்பிவைக்கக் கூடாது.)
- வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வருவது எந்த வெப்பநிலைக்கு மேல் தொடங்குகிறது?

கடைசிக் கேள்விதான் மிகச் சுவையானது. ஆள்காட்டி தண்ணீருக்குப் போய் வயிற்று இறகுகளை நனைத்துத் திரும்பி, அந்த ஈரத்தோடு முட்டைகள் மேல் அமரும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் இந்தப் பழக்கம் பதிவாகியிருக்கிறது. பேத்தமங்கலா போல நீர் பக்கத்தில் இருக்கும் இடத்துக்கும், நீர் தொலைவில் இருக்கும் பொட்டலுக்கும் இதில் வித்தியாசம் உண்டா என்று ஒரு பள்ளி மாணவரே எண்ணிப் பார்க்கலாம். செலவு ஒரு பைனாகுலர், ஒரு குறிப்பேடு, ஒரு சுவர் வெப்பமானி.

எடுத்துச் செல்ல வேண்டியவை

8×42 பைனாகுலர் போதும். இரவல் கிடைத்தால் முக்காலியோடு கூடிய ஸ்பாட்டிங் ஸ்கோப், தூரத்தை மேலும் கூட்டிக்கொள்ள உதவும். பென்சில் எடுத்துப் போங்கள். வியர்வைக் கை பட்டால் பேனா மை கலையும். மங்கிய மண்நிறச் சட்டை, அகலத் தொப்பி, இரண்டு லிட்டர் தண்ணீர், கணுக்கால் மூடும் ஷூ, அடையாள அட்டை. கேமரா கட்டாயம் இல்லை. முதல் சில நாள் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. கையில் கேமரா இருந்தால் கால் தானாக முன்னால் நகரும்.

தூரம் கண்டுபிடிப்பது: படிப்படியாக

எல்லாப் பறவைக்கும் எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே தூரம் கிடையாது. ரயில் பாதை ஓரம் வளர்ந்த ஜோடி மனிதரை 40 மீட்டரில் பொறுக்கலாம். ஆள் நடமாடாத பொட்டலில் இருக்கும் ஜோடி 120 மீட்டரிலேயே எழலாம். ஒவ்வொரு ஜோடிக்கும் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

1. முதலில் உங்கள் அடியை அளந்து வையுங்கள். பள்ளி மைதானத்தில் 100 மீட்டரை எத்தனை அடியில் நடக்கிறீர்கள் என்று எண்ணிக் குறிப்பேட்டின் அட்டையில் எழுதுங்கள்.
2. காலை எட்டு மணிக்கு முன்னால் அல்லது மாலை ஐந்துக்குப் பின்னால் மட்டும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். வெயில் நேரத்தில் ஒருபோதும் கூடாது.
3. 150 மீட்டருக்கு அப்பால் தொடங்குங்கள். பறவையை நோக்கி நேராக நடக்காதீர்கள். அதைத் தாண்டிப் போகிறவர் போலச் சாய்வாக நடங்கள், பார்வையைத் தரையில் வையுங்கள்.
4. பத்து அடிக்கு ஒரு முறை நின்று, இரண்டு நிமிடம் பைனாகுலரில் பாருங்கள்.
5. முதல் அறிகுறி தெரிந்ததும் நில்லுங்கள். கழுத்தை நீட்டி நிமிர்வது, தலையை மேலும் கீழும் அசைப்பது, துணை ஒரு முறை குரல் கொடுப்பது ஆகியவை அறிகுறிகள்.
6. வந்த வழியே திரும்புங்கள். அறிகுறி தெரிந்த தூரம் எவ்வளவோ, அதில் இன்னொரு பாதியைக் கூட்டுங்கள். 60 மீட்டரில் அறிகுறி என்றால் 90 மீட்டர் உங்கள் இடம்.
7. ஒரு ஜோடிக்கு ஒரே ஒரு முறை. அடுத்த நாள் 'சரிபார்க்க' மீண்டும் செய்யாதீர்கள்.

ஐந்தாம் படியில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். ஆள்காட்டி என்றால் கத்தும், கத்தவில்லை என்றால் பயப்படவில்லை என்று நினைக்கிறார்கள். அடைகாக்கும் பறவை அப்படிச் செய்யாது. ஆபத்து தூரத்தில் இருக்கும்போதே சத்தமில்லாமல் எழுந்து, குனிந்து, முட்டையை விட்டு நடந்தே விலகிவிடும். முப்பது அடி தள்ளிப் போய் இரை பொறுக்குவதுபோலத் தரையைக் கொத்தும். கொத்திய இடத்தில் புழு இருக்காது. அலகு தரையைத் தொட்டுத் தொட்டு மேலே வரும். எதையும் விழுங்காது, கண் மட்டும் உங்கள் பக்கம். துணை வேறொரு மூலையில் நின்று சத்தம் போட்டு உங்களைத் தன் பக்கம் இழுக்கும். 'பறவை நிம்மதியாக மேய்கிறது' என்று எழுதிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் முட்டை வெயிலில் இருக்கிறது.

உதவிக்குறிப்பு: நின்று பார்ப்பதைவிட உட்கார்ந்து பார்ப்பது நல்லது. ஒரு கரையின் பின்னால், புதரின் ஓரத்தில், நிறுத்திய ஆட்டோவுக்குள் உட்காருங்கள். தினமும் அதே இடம், அதே வழி, அதே சட்டை.

கூட்டுக்கு அடையாளம் வைக்காதீர்கள்

கொடி குத்துவது, கல் அடுக்குவது, செடியில் துணி கட்டுவது எல்லாம் தவறு. மனிதர் அடிக்கடி போகும் இடத்தைக் காகம் கவனிக்கிறது. நாயும் கீரியும் மனிதரின் காலடி வாசனையைப் பின்தொடரலாம். கூடு இருக்கும் இடத்தை உங்கள் இருக்கையிலிருந்தே குறியுங்கள்: 'சாய்ந்த மின்கம்பத்துக்கும் ஒற்றைப் பனைக்கும் நடுவில், பனைப் பக்கமாக இரண்டு விரல் இடம்.' கையை நீட்டி விரலால் அளக்கும் இந்தப் பழைய முறைக்கு ஜிபிஎஸ் தேவையில்லை. கூட்டின் ஜிபிஎஸ் புள்ளியும் வாட்ஸ்ஆப் குழுவுக்குப் போகக் கூடாது. புள்ளி போன மறுநாள் காலை அங்கே நான்கு கேமரா நிற்கும்.

முதலில் வெறுமனே பாருங்கள்

முதல் சில அமர்வுகளில் எண்ண வேண்டாம். கண்ணில் படுவதை எல்லாம் சாதாரண வாக்கியத்தில் எழுதுங்கள். அதிலிருந்து ஒரு நடத்தைப் பட்டியல் தயாரியுங்கள். ஒவ்வொரு நடத்தைக்கும் ஒரு குறியீடு, ஒரு வரி விளக்கம். அந்த விளக்கத்தைப் படித்துவிட்டு வேறொருவர் பார்த்தாலும் அதே குறியீட்டைத்தான் போட வேண்டும்.

- அ: அடைகாத்தல். உடல் தரையைத் தொட்டிருக்கிறது.
- நி: நிழல் தருதல். முட்டை மேல் நிற்கிறது, கால் தெரிகிறது.
- கா: காவல். கூட்டிலிருந்து விலகி, கழுத்து நிமிர்ந்து, அசையாமல்.
- இ: இரை தேடல். ஏதாவது விழுங்குவது தெரிய வேண்டும்.
- வி: விரட்டல். வேறு உயிரை நோக்கி ஓடுதல் அல்லது பாய்தல்.
- தெ: தெரியவில்லை.

கடைசிக் குறியீட்டைக் கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள். ஊகித்துப் போட்ட 'அ'வைவிட நேர்மையான 'தெ' உயர்ந்தது. 'கோபம்', 'பாசம்', 'பயம்' போன்ற சொற்கள் பட்டியலில் இடம்பெறக் கூடாது. அவை பார்ப்பவரின் முடிவு. பறவை செய்தது அல்ல.

எண்ணும் முறை

நடத்தை ஆய்வாளர்கள் இன்றும் பின்பற்றும் முறைகளை ஒழுங்குபடுத்தியது ஜீன் ஆல்ட்மன் 1974இல் எழுதிய ஒரு கட்டுரை. கென்யாவின் அம்போசெலியில் பபூன் குரங்குகளை ஆராய்ந்தவர் அவர். அவர் கவலை எளிமையானது: மனிதக் கண் பரபரப்பானதை மட்டும் பார்க்கும். சண்டையை எழுதும், சும்மா உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரத்தை விட்டுவிடும். கடிகாரம் சொல்லும் நேரத்தில் மட்டும் எழுதினால் அந்தச் சாய்வு குறையும்.

1. அமர்வு ஒரு மணி நேரம். வந்து உட்கார்ந்த முதல் பதினைந்து நிமிடத்தை இந்த ஒரு மணி நேரத்தில் சேர்க்காதீர்கள். பறவை உங்களை மறக்க அவகாசம் கொடுங்கள்.
2. செல்போனில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை *அதிரும்படி* வையுங்கள். சத்தம் வேண்டாம்.
3. அதிர்ந்த அந்தக் கணத்தில் இரண்டு பறவையும் என்ன செய்கின்றன என்று மட்டும் குறியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு முப்பது குறிகள்.
4. நனைந்து திரும்புவது, ஆள் மாறுவது போன்ற நொடி நேர நிகழ்ச்சிகளைத் தனி வரியில், நேரத்தோடு எழுதுங்கள். இரண்டு நிமிடக் கட்டத்தில் அவை சிக்காது.
5. தொந்தரவு எது வந்தாலும் எழுதுங்கள்: ஆடு மேய்ப்பவர், பைக், நாய், நீங்கள் இருமியது உட்பட.
6. காலை, நண்பகல், மாலை மூன்றையும் சமமாகப் பிரியுங்கள். எல்லோரும் காலையில் மட்டும் போவதால்தான் நண்பகல் நடத்தை பற்றிக் குறிப்புகள் குறைவாக இருக்கின்றன.

குறிப்பேட்டின் பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு, காட்டுவதற்காக மட்டும் எழுதிய ஒரு மாதிரி:

*12:10 – ப1 நி, ப2 தெ.*
*12:12 – ப1 நி, ப2 தெ.*
*12:13 – ப2 மேற்கிலிருந்து பறந்து வந்தது. வயிற்று இறகு ஒட்டி, கீழ்ப்பக்கம் அழுக்கு வெள்ளை. ப1 விலகியது. ப2 அமர்ந்தது.*
*12:14 – ப1 கா, ப2 அ.*
*நிழலில் 36 டிகிரி. காற்று இல்லை. ஆடுகள், வடக்கே சுமார் 200 மீட்டர்.*

ப1, ப2 என்று எழுதுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆள்காட்டியில் ஆணும் பெண்ணும் கண்ணுக்கு ஒரே மாதிரி. அதனால் 'ஆண் அடைகாத்தது' என்று எழுத வழியில்லை. இரண்டும் பார்வையிலிருந்து மறைந்து திரும்பி வந்தால், எது பழைய ப1 என்பதும் தெரியாது. அங்கே ஒரு கோடு போட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

இருவர் சேர்ந்து ஆய்வு செய்தால், தொடக்கத்தில் ஓர் அமர்வை இருவரும் பேசாமல் தனித்தனியாகப் பதிவு செய்து ஒப்பிடுங்கள். முப்பது குறியில் ஐந்தாறு வேறுபட்டால் விளக்கங்களைத் திருத்த வேண்டும், பறவையைக் குறை சொல்லிப் பயனில்லை.

இப்படி ஒன்றும் நடக்காத நேரத்தை எழுதிக்கொண்டிருப்பது தங்கவயலுக்குப் புதிது அல்ல. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஹீத்கோட் சாஃப்டில் (செங்குத்துச் சுரங்கக் குழியில்), தரைக்குக் கீழே இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் இயற்பியலாளர்கள் கருவிகளோடு காத்திருந்து 1965இல் வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தைப் பிடித்தார்கள். அவர்களுடைய பதிவேடுகளிலும் வெற்று மணி நேரங்களே அதிகம் இருந்திருக்கும்.

நிறுத்த வேண்டிய நேரம்

இந்த விதிகளை முதல் நாளுக்கு முன்பே எழுதிக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். களத்தில் உட்கார்ந்த பிறகு ஆர்வம் விதிகளை வளைத்துவிடும்.

- உங்களால் எழுந்த பறவை பத்து நிமிடத்துக்குள் முட்டைக்குத் திரும்பவில்லை என்றால் அன்றைய வேலை முடிந்தது. வெயில் ஏறிய நேரமானால் பத்து நிமிடம் காத்திருக்கவும் கூடாது, உடனே கிளம்புங்கள்.
- காகமோ நாயோ உங்களைப் பின்தொடர்ந்து வந்தால் கிளம்புங்கள்.
- இரண்டு அமர்வு அடுத்தடுத்துக் கெட்டால் அந்த ஜோடியை விட்டுவிடுங்கள்.
- குஞ்சு பொரித்த நாளில் போகாதீர்கள்.

ஆள்காட்டிக் குஞ்சு பொரித்த சில மணி நேரத்திலேயே நடக்கத் தொடங்கிவிடும். பெற்றோர் எச்சரித்தால் இருந்த இடத்திலேயே கல்லாகப் படுத்துவிடும். தலைக்கு மேல் இரண்டு பறவை கத்திக்கொண்டு பாய்ந்தால் ஓடாதீர்கள். குஞ்சு காலடியில் இருக்கலாம். அசையாமல் நின்று, தரையைப் பார்த்து, வந்த தடத்திலேயே ஒவ்வொரு அடியாகத் திரும்புங்கள். தனியாகக் கிடக்கும் குஞ்சை 'அநாதை' என்று எண்ணி வீட்டுக்குத் தூக்கி வருவதும் அடிக்கடி நடக்கும் தவறு. அதன் பெற்றோர் நீங்கள் போவதற்காகத்தான் காத்திருக்கிறார்கள்.

செய்யத் தோன்றும், செய்யக் கூடாத சோதனைகள்

கொஞ்சம் படித்ததும் 'ஒன்றை மாற்றிப் பார்த்தால் என்ன?' என்ற ஆசை வரும். புகழ்பெற்ற ஆய்வுகள் பல அப்படித்தான் நடந்தன. 1982இல் வெளிவந்த ஆய்வில் மால்டே ஆண்டர்சன், கென்யாவில் நீள்வால் விடோ பறவையின் ஆண்களின் வாலை வெட்டியும் ஒட்டியும் நீளத்தை மாற்றினார்; வால் நீண்ட ஆண்களின் எல்லையில் பெண்கள் அதிகம் கூடு வைத்தன. அது அனுமதியோடு, பயிற்சியோடு செய்த வேலை. அதைப் பார்த்து ஏப்ரலில் முட்டைக்குக் குடை பிடித்துப் பார்ப்பது ஆய்வு ஆகாது.

கெடுதி இல்லாதது என்று நினைத்தவையும் கெடுதி செய்திருக்கின்றன. கிங் பெங்குவின்களின் துடுப்பில் உலோகப் பட்டை மாட்டி ஆராய்ந்தது அறிவியலில் நெடுநாள் வழக்கம். பத்து ஆண்டுத் தரவை வைத்து 2011இல் வந்த ஆய்வு, பட்டை மாட்டிய பறவைகள் 39 சதவீதம் குறைவாகக் குஞ்சு பொரித்ததையும், உயிர் பிழைக்கும் விகிதம் 16 சதவீதம் குறைந்ததையும் காட்டியது. பட்டை மாட்டிச் சேகரித்த பழைய எண்களை எவ்வளவு நம்புவது என்ற கேள்வியும் அதோடு எழுந்தது. நான்சி பர்லி, ஜீப்ரா பிஞ்ச் பறவைகளில் காலில் மாட்டும் பிளாஸ்டிக் வளையத்தின் நிறமே துணை தேர்வைப் பாதிப்பதைக் கண்டார்; சிவப்பு வளையம் போட்ட ஆண்களுக்குத்தான் மவுசு.

ஆகவே:

- செல்போனில் பதிவுக் குரல் ஒலிக்க வேண்டாம். எல்லைக்காரப் பறவை இல்லாத எதிரியைத் தேடி அலையும். அந்த நேரம் முட்டைக்குக் காவல் இல்லை. பறவைகளை அடையாளம் காட்டும் மெர்லின் செயலியில் குரல் கேட்க வேண்டும் என்றால் காதில் இயர்போன் போடுங்கள்.
- டிரோன் வேண்டாம். தரைப்பறவைக்கு அது பருந்துக்குச் சமம்.
- கூட்டருகே தானியங்கிக் கேமரா வைக்க வேண்டாம். வைக்கப் போவதும் எடுக்கப் போவதுமே இரண்டு தொந்தரவு.
- படத்துக்காகப் புல்லை விலக்குவதோ கல்லை நகர்த்துவதோ வேண்டாம்.

எதையும் தொடாமல் என்ன கண்டுபிடித்துவிட முடியும் என்று கேட்பவருக்கு இந்தியாவிலேயே பதில் இருக்கிறது. பறவையியலாளர் சலீம் அலி 1930ஆம் ஆண்டு மழைக்காலத்தில், கையில் வேலை இல்லாமல், பம்பாய்க்குத் தெற்கே கிஹிம் கடலோரக் கிராமத்தில் தங்கியிருந்தார். வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டின. நாள் கணக்கில் உட்கார்ந்து பார்த்தார். ஆண் பாதிக் கூடு கட்டி நிறுத்துகிறது, பெண் வந்து பார்த்துப் பிடித்தால்தான் ஏற்கிறது, பிறகே கூடு முழுமை பெறுகிறது, அதன்பின் அதே ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த பெண்ணை அழைக்கிறது என்ற வரிசை அந்தப் பார்வையில்தான் தெளிந்தது.

உங்கள் உயிருக்கும் விதிகள் உண்டு

தங்கவயலின் நிலம் மற்ற ஊர் நிலம் போல அல்ல. கீழே நூற்றாண்டுக்கு மேல் குடைந்த சுரங்கம். சாம்பியன் ரீஃப் மட்டுமே மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம்.

பழைய சாஃப்டுகள். மூடப்படாத, பாதி மூடிய, புதர் மூடிய வாய்கள் இருக்கலாம். தெரியாத புதருக்குள் கால் வைக்காதீர்கள். தரையில் புது விரிசலோ கிண்ணம் போல இறங்கிய பள்ளமோ தெரிந்தால் விலகிப் போங்கள். ஓய்வு பெற்ற சுரங்கத் தொழிலாளர் ஒருவரை முதல் நாள் கூட்டிப் போவது எந்த வரைபடத்தையும்விட மேல்.

சயனைடு மண்மேடுகள். தங்கம் பிரித்தபின் கொட்டிய நுண்மணல் அது. மழை அரித்த ஓடைகளின் ஓரம் நின்ற இடத்திலேயே சரியும். காற்றடிக்கும் நாளில் பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. அதே தூசிதான் சுரங்கத்தில் எத்தனையோ பேரின் நுரையீரலைத் தின்றது. மேட்டைக் கடந்து காற்று வீசி வரும் பக்கத்தில் உட்காராதீர்கள். அதன் அடிவாரத்தில் தேங்கிய தண்ணீரில் கைகூட நனைக்காதீர்கள்.

பாம்பு. கண்ணாடி விரியனும் நல்ல பாம்பும் சுருட்டை விரியனும் இந்தப் பக்கத்து வறண்ட நிலத்துப் பாம்புகள். உட்காரும் முன் கோலால் தரையைத் தட்டுங்கள். கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது எதுவும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல், 108 ஆம்புலன்ஸை அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

நாய்க்கூட்டம். ஓடாமல், முதுகு காட்டாமல் மெல்லப் பின்வாங்குங்கள். கடித்தால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசி.

தனியாகப் போகாதீர்கள். போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லுங்கள். பங்காருப்பேட்டை–மாரிக்குப்பம் ரயில் பாதையைக் குறுக்குவழியாக எண்ணாதீர்கள்.

ஊர்க்காரர்களிடம்

பைனாகுலரோடு புதரோரம் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வரும், குறிப்பாகப் பக்கத்தில் வீடுகள் இருந்தால். முதல் நாளே போய்ப் பேசுங்கள். 'அண்ணே, குருவி பார்க்க வந்திருக்கோம், வீட்டுப் பக்கம் திரும்ப மாட்டோம்' என்று சொல்லி, பைனாகுலரைக் கையில் கொடுத்து ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். ஆடு மேய்ப்பவர்களுக்கு எந்தப் பொட்டலில் முட்டை இருக்கிறது என்பது தெரியும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றில் ஒன்றில் சொல்லிவிடுவார்கள். கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் முட்டையைக் காட்டக் காசு கொடுக்காதீர்கள். காசு கொடுத்தால் அடுத்த ஆளுக்கும் காட்டுவார்கள்.

மக்கள் ஒத்துழைத்தால் எவ்வளவு நடக்கும் என்பதற்குச் சிவகங்கை மாவட்டத்துப் பொத்தக்குடி ஓர் உதாரணம். 2020 ஊரடங்கு காலத்தில், தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சிறு குருவி முட்டையிட்டது. குஞ்சு பறக்கும்வரை ஒரு மாதத்துக்கும் மேல் அந்த ஊர் தெருவிளக்கே போடாமல் இருந்தது.

பருவம் முடிந்ததும்

எண்களைக் கூட்டும்போது ஒரு பொறி உண்டு. ஒரே ஜோடியை நாற்பது மணி நேரம் பார்த்திருந்தாலும் அது ஒரு ஜோடியைப் பற்றிய தகவல்தான். ஆயிரத்து இருநூறு குறிகள் இருப்பதால் 'தங்கவயல் ஆள்காட்டிகள் இப்படி' என்று எழுத முடியாது. 'இந்த ஜோடி இப்படி' என்றே எழுத வேண்டும். நண்பர்கள் நான்கு பேர் ஆளுக்கு இரண்டு ஜோடி என்று பிரித்துக்கொண்டு, ஒரே குறியீட்டில், ஒரே நேர அட்டவணையில் பார்த்தால் எட்டு ஜோடி. அப்போது பேசத் தொடங்கலாம். கெட்டுப்போன அமர்வுகளையும், கைவிட்ட ஜோடியையும், காகம் தின்ற முட்டையையும் அறிக்கையில் மறைக்காதீர்கள்.

பறவைப் பதிவுகளுக்கான இபேர்ட் தளத்தில் பதிவிடும்போது இனப்பெருக்கக் குறியீட்டைச் சேர்க்கலாம். இடத்தை மட்டும் கூட்டின் மேல் குத்தாமல், ஊர்ப்பெயர் அளவில் பொதுவாகக் கொடுங்கள்.

குஞ்சுகள் வளர்ந்து குடும்பம் இடம் மாறியபின், சில நாள் விட்டு, முதன்முறையாக அந்தக் குழியருகே போகலாம். ஸ்கேல் வைத்து அகலமும் ஆழமும் அளக்கலாம், கற்களை எண்ணலாம், படம் எடுக்கலாம், தண்ணீர் இருக்கும் இடத்துக்கு எத்தனை அடி என்று நடந்து பார்க்கலாம். ஓடும் இறகும் கிடந்தால் கிடக்கட்டும். அதற்குள் மழை பிடித்திருக்கும். பாசனக் கிணற்றோரப் பனைகளில் தூக்கணாங்குருவிகள் நார் கிழிக்கத் தொடங்கியிருக்கும். அவற்றுக்குக் குறியீட்டுப் பட்டியல் வேறு, உட்காரும் தூரமும் வேறு. அது அடுத்த அத்தியாயம்.